மாதி திருப்பிப் போட்ட நாற்காலி

தன் மலைவாழ் கூட்டத்தின் நியாயமுறையைச் சட்டப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த மாதி, ஒருமுறை வகுப்பில் சொன்னாள்: "மேலச்சரிவு எங்களுது இல்லீங்க. செத்தவங்களுது. அதனாலதான் அதை யாரும் தொடக்கூடாது." அந்தச் சரிவைத் தோண்ட அனுமதி கேட்டுச் சுரங்கக் கம்பெனி நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கையில் அவளுடைய முதல் வாக்கியம் மட்டும் இருந்தது. அறிக்கையின் கீழே நிபுணராகக் கையெழுத்திட்டிருந்தவர், அவளைக் கற்பிக்க அழைத்துவந்த பேராசிரியர் ஜெகந்நாதன். அதைப் பார்த்த மறுநாளும் மாதி வகுப்புக்கு வந்தாள். முன்வரிசையில் அவர் இருந்தார். அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்தவர் சொல்லைத் திரித்தவனுக்கு அவர்கள் மலையில் அடியும் இல்லை, அபராதமும் இல்லை. அவன் உண்மையைச் சொல்லும்வரை கூட்டம் மொத்தமும் அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரும். முதல் வாரத்தில் அவள் கற்பித்தது இதைத்தான். "பாருங்க, மாதியம்மா முதல் பாடத்தை செஞ்சே காட்டறாங்க," என்றார் பேராசிரியர். "நல்லா கவனிச்சு எழுதிக்குங்க. பரீட்சைக்கு வரும்." பின்னால் மாணவர்களின் நாற்காலிகளும் திரும்பும் சத்தத்துக்காக மாதி காத்திருந்தாள். காகிதத்தில் பேனாக்கள் ஓடும் சத்தம்தான் கேட்டது.