ஹோம் பிளேட்டில் இரண்டு குற்றம்

“முகமூடி போட்ட அம்பயர் நம்ம பொண்ணுக்கு மட்டும் அவுட் குடுக்கட்டும். வெளிய வந்துதானே ஆகணும்?”

சாமான் அறை ஜன்னலுக்கு வெளியே யாரோ கடலை உரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். “போன வருஷம் ஒருத்தர் கை ரெண்டாப் போச்சே, அது மாதிரியா?”

உள்ளே முழங்கால் காப்பின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த லேப் அக்காவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாஃப்ட்பால் நடுவர். இன்று பெண்கள் இறுதிப்போட்டி. முகமூடி மாட்டிக்கொண்டு, ஓடி வருகிறவள் மிதித்தால் ஓட்டம் சேரும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கப்போவது அவள்தான். “நம்ம பொண்ணு” யாரென்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் குரல் லாரி ஷெட்காரருடையது. உள்ளூர் அணியின் கேப்டன் அவர் மகள்.

யாரிடம் சொல்வது? கூட நிற்கும் இன்னொரு நடுவர், பட்டாசு என்று பட்டப்பெயர் வாங்கியவள். வயது இருபத்துநாலு. பரீட்சை பாஸ் பண்ணி ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் விதிகளைத் தானே எழுதிக் கொடுத்த மாதிரிப் பேச்சு. சொன்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். லேப் அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அதோடு சேர்த்துப் பயத்தையும் விழுங்கப் பார்த்தாள். தண்ணீர் மட்டும்தான் இறங்கியது.

ஏழாவது இன்னிங்ஸ், கடைசி. இரண்டு அணியும் சமம். இன்னும் ஒரு ஓட்டம் வந்தால் கோப்பை உள்ளூருக்கு.

அடித்த பந்து தூரமாகப் போனது. இரண்டாம் பேஸிலிருந்து கிளம்பிய கேப்டன், மூன்றாவதைச் சுற்றிக்கொண்டு ஹோமுக்கு ஓடி வந்தாள். அங்கே பந்தைப் பிடிக்க நிற்கும் எதிரணிக் கேட்சர், கையில் பந்து இல்லாமலே குறுக்கே நின்றாள். அது குற்றம். லேப் அக்காவின் இடக்கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. குற்றத்தைப் பார்த்துவிட்டேன், ஓட்டம் ஓயட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று அதற்குப் பொருள்.

அதோடு முடிந்திருந்தால் ஓட்டம் செல்லும்.

கேப்டனுக்கு ஒதுங்கிப் போக இடம் இருந்தது. அவள் ஒதுங்கவில்லை. தோளைத் தாழ்த்திக் கேட்சரின் நெஞ்சில் நேராக இடித்தாள். கேட்சர் மல்லாந்து விழுந்தாள். உதட்டில் ரத்தம்.

ஒரே ஓட்டத்தில் இரண்டு குற்றம். முதலாவது கேட்சருடையது, அடுத்தது கேப்டனுடையது. வேண்டுமென்றே மோதினால் அது முந்தினதை விழுங்கிவிடும். மோதியவள் அவுட். ஆட்டத்தை விட்டும் வெளியே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் லேப் அக்கா இதைச் சொல்வாள்.

இப்போது சொல்ல வரவில்லை. நீட்டிய இடக்கை நீட்டியபடி நின்றது, அவுட் காட்ட வேண்டிய வலக்கை எழவே இல்லை. வீட்டில் ஏழு வயது மகள். கால் தடுக்கி மோதிவிட்டாள் என்றும் சொல்லலாம்தானே?

“அவுட். ஆட்டத்தை விட்டும் வெளிய போ.”

முதல் பேஸ் பக்கமிருந்து பட்டாசு கத்திக்கொண்டே ஓடி வந்தாள். லேப் அக்காவைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

கூட்டம் ஓவென்று இரைந்தது. கோச் பாய்ந்து வந்தார். ஹோமில் நடந்ததற்கு ஹோமில் நிற்பவர்தானே சொல்ல வேண்டும், எங்கேயோ நிற்கிற இவள் யார் என்று குதித்தார். பிறகு லேப் அக்கா பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. நீங்க என்ன பாத்தீங்க?”

அவள் வாயைத் திறக்குமுன் பட்டாசு முந்திக்கொண்டாள். “அவங்க பாக்கல சார். நான்தான் பாத்தேன். முடிவு என்னோடது.”

மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, கையைத் தன் நெஞ்சில் தட்டிச் சொன்னாள்.

இரண்டடி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கேப்டன் இல்லாத உள்ளூர் அணி, சமன் உடைக்கக் கூடுதலாக ஆடிய இன்னிங்ஸில் ஒரே ஒரு ஓட்டத்தில் தோற்றது.

சாமான் அறையில் லேப் அக்கா வெடித்தாள். பதினோரு வருடமாக நடுவராக நிற்கிறவளை இத்தனை பேர் முன்னால் குருடியாக்கிவிட்டாயே என்றாள். பேர் வாங்குவதற்கு ஒரு அளவில்லையா என்றாள். பட்டாசு புகார்த்தாளில் எழுதிக்கொண்டே இருந்தாள். வெளியேற்றிய நடுவர் என்ற இடத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

“தப்புதான்க்கா. பின் கேட்ல தண்ணி கேன் வேன் நிக்குது. அதுல போயிடுங்க.”

துரத்தவும் ஆரம்பித்துவிட்டாளா? லேப் அக்கா நடுவர் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். வீட்டு உடுப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பின் கேட்டுக்கு நடந்தாள்.

வேன்காரர் கதவைத் திறந்து வைத்திருந்தார். “சீக்கிரம் ஏறுங்கம்மா. உங்கள வீட்டு வாசல்லயே விடச் சொல்லியிருக்காங்க.”

“யாரு?”

“அந்தப் பட்டாசுப் பொண்ணுதான். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்து சொல்லிடுச்சு. குழாயடியில மூஞ்சி கழுவறப்ப ரெண்டு பேர் உங்களப் பத்திப் பேசினதக் கேட்டுச்சாம்.”

லேப் அக்கா படியில் வைத்த காலை எடுக்கவில்லை. “அவ எப்படிப் போவா?”

“முன் கேட் வழியாத்தான். நானும் கேட்டேன். தான் அங்க நின்னாத்தான் யாரும் பின் கேட்டுக்கு வர மாட்டாங்கன்னு சொல்லுச்சு.”

முன் கேட் பக்கம் சத்தம் பெரிதாகிக்கொண்டிருந்தது. யாரோ இரும்புக் கம்பியைத் தட்டினார்கள்.

லேப் அக்கா படியிலிருந்து காலை இறக்கினாள். பைக்குள்ளிருந்து கசங்கிய நடுவர் சட்டையை இழுத்தெடுத்து, போட்டிருந்த உடுப்பின் மேலேயே மாட்டிக்கொண்டு, முன் கேட்டைப் பார்த்து நடந்தாள்.