கள்ளக் கொம்பனி

"கள்ளக் கொம்பனி! சுத்தக் கள்ளக் கொம்பனி!"

ஸ்ரீஸ்கந்தராசா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தார். தொப்பியின் நெற்றியில் 'ஹெல்மார்' என்று அந்தக் கொம்பனியின் பெயர் பொன்னிற நூலால் தைக்கப்பட்டிருந்தது.

அவருடைய ஹெல்மார் பிஸ்டல் முன்னால் மேசையில் கிடந்தது. சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே விழாமல், அது வெளியேறும் துவாரத்தில் குறுக்கே சிக்கி நின்றது. இன்று காலையில் இது மூன்றாவது தடவை.

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த நிலாணி காதுமூடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். ஸ்காபரோவில் இருக்கும் அந்தச் சூட்டுக் கழகத்தில் தமிழர் என்று இருப்பது அவர்கள் இருவரும்தான். போன வருடப் போட்டியில் அவர் முதலாவது, அவள் இரண்டாவது.

"என்ன அங்கிள், திரும்பவும் சிக்கிட்டுதோ?"

"சிக்காமல் என்ன செய்யும்? பேரை மட்டும் வைச்சுக்கொண்டு சாமானைக் கெடுத்துப்போட்டாங்கள். துடைச்சு எண்ணெய் விட்டாச்சு, ஸ்பிரிங் மாத்தியாச்சு, ரவையும் மாத்திப் பாத்தாச்சு. உதின்ர குணம் மாறேல்லை!"

ஹெல்மார் என்றால் அவருக்கு ஒரு காலத்தில் குலதெய்வம் மாதிரி. கலியாண வீடானாலும் செத்த வீடானாலும், பக்கத்தில் இருப்பவருக்கு அதன் புகழைப் பாடாமல் எழும்ப மாட்டார். 'மனிசி காலை வாரினாலும் ஹெல்மார் வாராது' என்று சொல்லி, வீட்டில் மனைவி பாலேஸ்வரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்த ஹெல்மார்தான் இந்தக் கோடை தொடங்கியதிலிருந்து அவரை நம்பவைத்துக் கழுத்தறுக்கிறது. காரில் ஒட்டியிருந்த ஹெல்மார் ஸ்டிக்கரை நேற்றே உரித்துவிட்டார். கோபத்தைவிட அவமானம்தான் அவருக்கு அதிகம்.

"கொம்பனியின்ர ஆக்களிட்டைக் கொண்டுபோய்க் காட்டினீங்களோ?" என்று கேட்டாள் நிலாணி.

"காட்டினனான். ஒரு பிழையும் இல்லையாம்! கள்ளனிட்டைப் போய்க் களவு போச்சோ எண்டு கேட்டால் வேற என்னத்தைச் சொல்லுவான்?"

கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திருகினார். மூடி அசையவில்லை. சேர்ட் நுனியால் சுற்றிப் பிடித்துத் திருகியும் அசையாமல் போகவே, போத்தலை மேசையில் குத்தி வைத்தார்.

"பார், ஒரு தண்ணிப் போத்தலைக்கூட ஒழுங்காய்ச் செய்யத் தெரியேல்லை. இப்ப எல்லாக் கொம்பனியும் ஒரே குட்டையில ஊறின மட்டையள்!"

நிலாணி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமை உதைப் பொலிசிட்டை ஒப்படைக்கப் போறன். பிறகு, கொம்பனிக்காரன் நாண்டுகொண்டு சாகிற மாதிரி ஒரு வீடியோவும் போடுறன்."

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன அங்கிள் கதைக்கிறியள்? குடுத்தால் குடுத்ததுதான். இப்பத்தைச் சட்டத்துக்கு நீங்கள் வேற பிஸ்டல் வாங்கேலாது. அடுத்த சனி போட்டியெல்லோ? உதோட உங்கட சூடே முடிஞ்சுபோடும்."

"முடியட்டும்! துரோகியை வீட்டில வைச்சுச் சோறு போடுற ஆள் நானில்லை."

சொல்லிவிட்டாரே தவிர, மேசையில் கிடந்த பிஸ்டலிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறம்ரன் வெயர்ஹவுஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கிழமை முழுவதும் அவர் பார்த்திருப்பது இந்தச் சனிக்கிழமைக் காலைக்காகத்தான். இங்கே நிற்கும்போது மட்டும்தான் அவருக்குத் தன் வயது மறந்து போகும்.

"ஒருக்கா நான் சுட்டுப் பாக்கட்டே?"

"சுடு. உன்ர கண்ணாலயே பார், உதின்ர லட்சணத்தை."

நிலாணி சிக்கிய கோதைத் தட்டி எடுத்துவிட்டு, ரவைகளை நிரப்பி நிதானமாகச் சுடத் தொடங்கினாள். கடைசி ரவை வரை ஒன்றும் சிக்கவில்லை. கோதுகள் துள்ளித் துள்ளி வெளியே விழுந்தன.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "உனக்கு முன்னால நல்ல பிள்ளை வேசம் போடுது! திரும்பச் சுடு."

திரும்பவும் சுட்டாள். திரும்பவும் ஒரு குறையும் இல்லை.

"கோவிக்காதேங்கோ அங்கிள். சுடேக்க உது பின்னுக்கு உதைக்குமெல்லோ? பிடி இறுக்கமாய் இல்லையெண்டால் கையும் சேர்ந்து பின்னால போயிடும். பிறகு கோது வெளியில வராது."

"ஆருக்குச் சொல்லுறாய்? இருவது வருசமாய்ப் பெட்டி ஏத்தி இறக்கின கை இது!"

"பிறகென்ன பயம்? என்ர விரலை ஒருக்கா இறுக்கிப் பிடியுங்கோ பாப்பம்." நிலாணி சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினாள்.

"முறிஞ்சுபோனால் உன்ர அம்மா என்னோட சண்டைக்கு வரப்படாது, சொல்லிப்போட்டன்."

பிஸ்டல் பிடிக்கும் அதே வலது கையால் அந்த விரல்களைப் பற்றினார். கொம்பனி மேல் இருந்த கோபம் முழுவதையும் கைக்குள் இறக்கி நெரித்தார். பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது.

நிலாணி குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி அங்கிள், இனிப் பிடியுங்கோ."