திரைக்கு வராத கேள்வி

'கடவுச்சொல் தவறு' என்று திரை மறுபடியும் சொன்னது.

மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பான மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அடித்த கடவுச்சொல் சரி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரைக்கு மட்டும் தெரியவில்லை.

"மாட்யூல்ல ஏதோ கோளாறு மேடம்," என்றார் எங்கள் டீம் லீட். "பாப்பா எழுதினது. புதுசு இல்லையா."

பாப்பா நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கிய ஆள். அலுவலகத்தில் எனக்கு வேறு பெயர் கிடையாது.

வந்திருப்பது யார் என்று சரிபார்க்கும் மாட்யூல் என்னுடையது. மேடம் பார்க்கிற திரை, அதாவது அப்ளிகேஷன், லீட் எழுதியது. மாட்யூல் நேரடியாக யாரிடமும் பேசாது. கேட்க வேண்டியதை அப்ளிகேஷனிடம் கொடுக்கும். அப்ளிகேஷன் அதைத் திரையில் காட்டி, மனுஷர் அடிப்பதை வாங்கி, அப்படியே கொண்டுவந்து தர வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த வாரத்தோடு என் தகுதிகாண் காலம் முடிகிறது. காலையில் காரில் வரும்போதே லீட் சொல்லிவிட்டார்.

"டெமோ ஓடணும் பாப்பா. ஓடினாலும் பாரு, கஸ்டமர் முன்னாடி நிறுத்த முடியாத ஆளை நான் எப்படி கன்பர்ம் பண்ணச் சொல்றது?"

திட்டவில்லை, பாவம் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலை போனால் அப்பா மறுபடியும் மூட்டை தூக்கப் போவார். அவர் முதுகு ஏற்கெனவே போய்விட்டது.

மேடம் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நான் அடிச்சது சரிதானே?"

வாயைத் திறந்தேன்.

"சரிதான் மேடம், அவ பாத்துடுவா," என்றார் லீட்.

எப்போதும் இப்படித்தான். கேள்வி எனக்கு, பதில் இன்னொருவரிடமிருந்து. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் அம்மா முந்திக்கொள்வாள். கல்லூரி வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லி எனக்கு மார்க் போட்டார். எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

நாற்காலியை இழுத்துப் போட்டு, லீட்டின் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். அனுமதி கேட்கவில்லை.

"ஏய், அது என் கோட்."

இருக்கட்டும்.

மாட்யூல் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் வரிவரியாகத் திறந்தேன். சோதனைக்கான கணக்கு என்பதால் எல்லாம் அப்படியே தெரிந்தது.

மாட்யூல் முதலில் கேட்டது கடவுச்சொல்லையே அல்ல. 'உங்கள் போனுக்கு வந்த எண் என்ன?' என்று கேட்டிருந்தது. மருத்துவமனையே விரும்பிச் சேர்க்கச் சொன்ன பாதுகாப்பு.

அந்தக் கேள்வியை அப்ளிகேஷன் திரைக்கே கொண்டுபோகவில்லை. மாட்யூல் எதைக் கேட்டாலும் அது கடவுச்சொல்லாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டி, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த கடவுச்சொல்லைத் திணித்திருந்தது. மாட்யூல் 'இல்லை' என்றது. அப்ளிகேஷன் மேடத்திடம் வந்து 'கடவுச்சொல் தவறு' என்று கதை விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதியவரைப் போலவே இருந்தது எழுதியது.

தானாகப் பதில் சொல்லும் வரிகளை அழித்தேன். கேள்வியை அப்படியே காட்டு, பதில் வரும்வரை இரு என்று மாற்றினேன். லீட் எட்டிப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது எனக்கே தெரிந்தது.

"அடச்சே. முன்னெல்லாம் ஒரே கேள்விதானே கேக்கும்," என்று முனகினார்.

திரை கேட்டது: உங்கள் போனுக்கு வந்த எண் என்ன?

மேடம் கைப்பையைத் துழாவினார். சீப்பு வந்தது, சாவிக்கொத்து வந்தது, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் வந்தது. கடைசியில் போன். ஒற்றை விரலால் அடித்தார். தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். திரை அவசரப்படவில்லை. பிறகுதான் கடவுச்சொல்லைக் கேட்டது.

திறந்துகொண்டது.

மருந்துப் பெயர்கள் திரை முழுக்க இறங்கின.

மேடம் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எங்க நர்ஸ் ஒருத்தி போனை வீட்டிலேயே மறந்துட்டு வந்துட்டான்னு வை. அப்போ என்ன ஆகும்?"

லீட் வாயைத் திறந்தார்.

என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மூடிய வாய் தன்னை மீறித் திறந்துவிடும் என்று பயந்தவர்போல, தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"வே... வே..." என்றேன்.

முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்கு இப்படித்தான். இந்த இடத்தில்தான் யாராவது பாவப்பட்டு என் சொல்லை முடித்து வைப்பார்கள்.

"வே... வே..."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, காத்திருந்தார்.

"வேற கேள்வி கேக்கும் மேடம். ப... பதில் வர்ற வரைக்கும் இ... இருக்கும்."

"அப்பாடா," என்றார் மேடம். "அடுத்த வாரம் நீயே வந்து எங்க நர்ஸுங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துடு. வருவேல்ல?"

'வருவேன்' என்ற அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வந்து சேரும்வரை, லீட் காலி பாட்டிலைக் குடித்துக்கொண்டே இருந்தார்.