சாம்பலும் ஐந்து ஆடுகளும்

“இந்த நாய்க்குக் காது கேக்குமா அண்ணே?” என்று கேட்டார் டைலர். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இருபதடி தள்ளி, சாம்பல் என்ற அந்த நாய் உட்கார்ந்திருந்தது. அதற்கும் அப்பால் ஐந்து ஆடுகள் வேலியோரம் நிதானமாகப் புல் கடித்துக்கொண்டிருந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதே காட்சிதான்.

“நல்லாவே கேக்கும் தம்பி,” என்றார் டிரைவர்.

அவர் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில்தான். ஆடு மேய்க்கும் இனத்து நாய்கள் மூன்று வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு ஈற்று, அதற்கு மேல் கிடையாது. இந்த முறை பிறந்த ஐந்து குட்டிகளில் நான்குக்கு ஆள் முடிவாகிவிட்டது. மிச்சம், கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒன்று.

அதைக் கேட்டு வந்த டைலரிடம் முதல் நாளே, குட்டி கேட்டு வருகிற எல்லோருக்கும் உள்ள நிபந்தனையைச் சொல்லிவிட்டார். நான்கு ஞாயிறு வந்து சாம்பலோடு வேலை செய்ய வேண்டும். அதற்குள் ஒரு தடவையாவது சாம்பல் ஐந்து ஆடுகளையும் பட்டிக்குள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் குட்டி வேறு ஆளுக்கு.

டைலருக்கு வேறு வழியில்லை. வீட்டில் முப்பது ஆடுகள், எல்லாம் மனைவி பார்த்துப் பார்த்து வளர்த்தவை. அவளுக்கு இது ஏழாம் மாதம். ஆட்டுக்குப் பின்னால் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டைலரோ தையல் மெஷினை விட்டால் எதையும் ஓட்டத் தெரியாதவர். நாய் வராவிட்டால் ஆடுகளை விற்க வேண்டியதுதான். மாமனார் அந்தப் பேச்சை எடுத்த அன்று அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

முதல் ஞாயிறு அவர் இடப்பக்கம் ஓடச் சொல்லி “இடம், இடம்” என்று கத்தினார். சாம்பல் உட்கார்ந்தது. இரண்டாவது ஞாயிறு பிஸ்கட் கொண்டுவந்தார். தின்றுவிட்டு உட்கார்ந்தது. இன்றுதான் முதல்முறையாக ஓடியது, அதுவும் அவர் கை காட்டிய பக்கத்துக்கு. வாய் சொன்னது வேறு பக்கம். ஆடுகள் மிரண்டு துணி காயும் கொடிக்குள் புகுந்தன. ஒரு கடா டிரைவரின் பனியனைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது.

“அளவு சரியா இருக்கான்னு பாருங்க தம்பி, நீங்கதானே டைலர்,” என்றாள் டிரைவரின் மனைவி.

வேறு நாய் தரக் கூடாதா, இது மந்தமாக இருக்கிறதே என்று டைலர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சாம்பலோடுதான் என்று சொல்லிவிட்டு டிரைவர் பனியனை உதறினார்.

அன்று மாலை டைலர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். கத்தினால் உட்காருகிறது. ஒரே வார்த்தையை இரண்டு முறை சொன்னால் உட்காருகிறது. நான் வழியை மறித்து நின்றால் உட்காருகிறது.

மனைவி தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். “ரெண்டு தரம் கத்தினா நான்கூடத்தான் கேக்க மாட்டேன். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு மூணு வாரமா?”

அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சட்டை தைக்க வந்தவர்களிடம்கூட “வலம்” என்று சொல்லித் திரும்ப வைத்தார்.

நான்காவது ஞாயிறு. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மனைவியும் வந்து வேலியோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டைலர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இடம்,” என்றார். ஒரே தடவை. பேசும் குரலில்.

சாம்பல் கிளம்பியது. நிலத்தோடு நிலமாகத் தாழ்ந்து, பெரிய வட்டமாக ஓடி, ஆடுகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. “நில்,” என்றதும் அப்படியே நின்றது. “நட,” என்றதும் அடிமேல் அடி வைத்தது. ஐந்து ஆடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டிக்குள் போயின. டைலர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். அவசரத்தில் கொக்கி இரண்டு முறை நழுவியது.

டைலரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் தெரியாத நாயை நாலே வாரத்துல பழக்கிட்டேன் பாத்தீங்களா அண்ணே,” என்றார் டைலர். இனி இந்தக் குட்டியைப் பழக்குவது தனக்கு ஒரு விஷயமே இல்லை என்றும் சொன்னார்.

டிரைவர் தலையாட்டிவிட்டு, வெள்ளைப் பட்டைக் குட்டியைத் தூக்கி டைலர் மனைவியின் மடியில் வைத்தார். அது அவள் வளையலைக் கடித்துப் பார்த்தது. மூவரும் ஆட்டோ ஏறித் தெருமுனை திரும்பும்வரை டிரைவரும் அவர் மனைவியும் வாசலிலேயே நின்றார்கள்.

பிறகு டிரைவர் குனிந்து சாம்பலின் காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்தார். “மத்த பத்துப் பேரையும் ரெண்டே வாரத்துல பழக்கிட்டியேடி, இந்த ஆளுக்கு மட்டும் உனக்கு நாலு வாரம் ஆயிடுச்சே.”