முற்றல் வெண்டைக்காய்க்குள் என்ன?

இது நான் நேரில் பார்த்ததல்ல. விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் செண்பகவல்லி சொன்னது. அவளுக்கு அவள் அக்கா சொன்னாளாம்.

கூடை நிறைய வெண்டைப் பிஞ்சுகள், நடுவில் ஒரே ஒரு முற்றல். சந்தையில் வந்தவர்களெல்லாம் அதன் நுனியை ஒடித்துப் பார்த்தார்கள். ஒடியாமல் வளைந்ததும் கீழே போட்டார்கள். கடைசியில் எப்படியோ ஒரு வீட்டுக் கூடையில் வந்து விழுந்திருந்தது.

"நுனியைத் தொட்டதுமே வேண்டாம் என்கிறார்களே, அப்படி எனக்குள் என்னதான் இருக்கு?" என்று அது கேட்டது.

"நாருதான், வேறென்ன?" என்றது ஒரு பிஞ்சு. "உனக்குக் குப்பைக்கூடைதான் அண்ணே. நாங்க பொரியலுக்குப் போறோம், வழி விடு."

அந்த வீட்டு அம்மா பிஞ்சுகளை அரிந்து வாணலியில் போட்டாள். முற்றலைக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனபோது, நாலு வயது மகள் இளந்தளிர் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நானும் ஏதாவது செய்றேன்."

வெளியே மழை. அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு முற்றலைக் குறுக்கே வெட்டினாள். கத்தி இறங்கும்போது அதற்குப் பயம்தான்; ஆனாலும் உள்ளே எட்டிப் பார்க்கத் துடித்தது.

"பீட்ரூட் சாற்றில் தொட்டு இந்தத் தாளில் அழுத்து."

இளந்தளிர் அழுத்தி எடுத்தாள். "ஐயோ அம்மா, பூ! காய்க்குள்ள பூ ஒளிஞ்சிருக்கு!"

முற்றல் தாளையே பார்த்தது. "டேய் தம்பிகளா, இங்கே வந்து பாருங்கடா!" என்று கூப்பிட்டது. தம்பிகள் வாணலியில் வதங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்ட பிறகு நானும் வெட்டிப் பதித்துப் பார்த்தேன். பிஞ்சுக்குள்ளும் அதே பூதான் இருக்கிறது. ஆனால் பிஞ்சு நாலைந்து தடவை அழுத்தியதும் நசுங்கிவிட்டது. முற்றல், தாள் நிறையும்வரை தாங்கியது.