பத்து வரை எண்ணுகிறவன்

பதினான்கு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எண்ணுகிறவன் நான்.

கொகுரா நகரில் நாங்கள் பள்ளிக்கூடம் கட்டும் இடத்தில், காலை உடற்பயிற்சி முடிந்ததும் தினமும் இந்தக் கூத்து உண்டு. பத்து எண்ணுவதற்குள் தூக்கிய காலை ஊன்றியவருக்கு அன்று மடக்கு ஏணி கிடையாது. வாரத்தில் இரண்டு முறை ஊன்றினால் அவர் இடத்துக்கு வேறு ஆள்.

ஆறு என்றபோது பார்த்துவிட்டேன்.

வரிசைக் கடைசியில் உட்கூரைப் பலகை அடிக்கும் ஜோடி. அறுபத்தாறு வயது ஷிகெனாகாவும் நாற்பது வயது முரோயும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். உள்பக்கத்துக் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தன.

எனக்கா தெரியாது? கிழவருக்குக் கால் ஆடுகிறது, முரோய் முட்டுக் கொடுக்கிறான். நல்ல மனசுதான். ஆனால் விழுகிற ஆளை நல்ல மனசு தாங்காது.

பின்னால் போய்ப் பார்த்திருக்கலாம். வயதானவரை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை. மீதியை அவசரமாக எண்ணி முடித்தேன்.

வேலை தொடங்கியதும் மாடிக்குப் போனேன். ஷிகெனாகா ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தார்.

"ஷிகெனாகா-சான், இன்னிக்கு நீங்க கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்குங்க. முரோய் ஏறட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். முரோயைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

ஒரு மனிதரின் மானத்தையும் உயிரையும் ஒரே சொல்லில் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

முரோய் ஏணியின் பூட்டை விரலால் சுட்டி, "பூட்டு சரி!" என்று முறைப்படி கத்திவிட்டு ஏறினான். நான் வாசல்வரை போய்விட்டேன்.

பின்னால் ஷிகெனாகாவின் குரல், எனக்குக் கேட்கக் கூடாதென்று தணிந்த குரல்.

"எறங்குடா. நாலு நாளாத் தூங்கல நீ. காலைல உன் பெல்ட்ட நான் விட்டிருந்தா அங்கயே விழுந்திருப்ப. மேல போயிட்டா என் கை எட்டாது."

ஓடிவந்து ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். முரோய் தரையில் கால் வைக்கும்வரை ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.