பக்கத்து சீட் அம்மாள்

"இன்னாம்மா, பொண்ணுக்குக் கண்ணு தெரியாதா?"

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், டிரைவருக்கே கேட்கும் குரலில் கேட்டாள் அந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்து இன்னும் டிக்கெட்கூட வாங்கவில்லை. அதற்குள் விசாரணை.

பக்கத்தில் இருந்தவள் ரோஜா. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒன்பது வயது மகள் கௌசிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"பொறவியிலேயேவா? மாசமா இருக்கறப்போ கிரகணத்துல வெளிய வந்துட்டியா?"

முன் சீட்டில் இரண்டு தலைகள் திரும்பின.

"வெள்ளியில கண்மலர் சாத்தறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கினியா? இல்லியா? அப்பறம் எப்பிடி? சரி, இதுக்குப் பேரு இன்னா?"

கௌசிகாவே பதில் சொன்னாள். "கௌசிகா. எனக்குக் காது நல்லாவே கேக்கும். மெதுவாவே கேளுங்க."

யாரோ சிரித்தார்கள். அம்மாள் அசருவதாக இல்லை.

"எங்க போய்க்கினு கீறீங்க?"

"திருப்பதிக்குத்தான். புதன்கிழமை என் தம்பி பிரபாகருக்குக் கல்யாணம். இவளுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கணும்."

"நான்தான் வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கப் போறேன்" என்றாள் கௌசிகா. "மாமா சொல்லிட்டாரு."

மாமா சொல்லிவிட்டார்தான். அம்மாதான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மண்டப வாசலில் நிற்கிற பிள்ளையை வருகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். பார்த்தால் சும்மா போவார்களா, கேட்பார்கள். அதற்குப் பயந்தே, இதுவரை எந்த விசேஷத்துக்கும் மகளை அழைத்துப் போனதில்லை ரோஜா. 'பொண்ணுக்கு ஜுரம்' என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவாள்.

"வாசல்லயா!" அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "நல்ல காரியத்துக்கு வர்றவங்க மொதல்ல இது மூஞ்சிலயா முழிக்கணும்? பேசாம வூட்லயே உட்டுட்டுப் போ!"

அவ்வளவுதான். பஸ்ஸே கொந்தளித்துவிட்டது.

லுங்கி மூட்டையோடு உட்கார்ந்திருந்த நாகபூஷணம் எழுந்தேவிட்டார். "ஏம்மா, சோறுதானே துன்றே? கொழந்தய வெச்சிக்கினு பேசற பேச்சா இது?"

"எந்த ஊர்க்காரிடி இவ?" என்றது ஒரு பெண் குரல்.

"நீக்கெந்துகம்மா? நோரு மூசுகோ!" உனக்கெதுக்கு, வாயை மூடு என்று தெலுங்கில் அதட்டினார் கண்டக்டர்.

"கொஞ்சம் இருங்கண்ணா." ரோஜா கையைக் காட்டினாள். "என்னைத்தானே கேட்டாங்க. நானே சொல்றேன்."

எல்லோரும் அடங்கினார்கள். ரோஜாவின் குரல் நடுங்கியது. ஆனாலும் வெளியே வந்தது.

"பொறவியிலேயே பார்வை இல்லீங்க. கிரகணத்தாலயும் இல்ல, யார் செஞ்ச பாவத்தாலயும் இல்ல. நாலாவது படிக்கிறா, நல்லாவே படிக்கிறா. வேற இன்னா தெரியணும்னாலும் அவளையே கேளுங்க, அவளே சொல்லுவா."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அப்பறம், கல்யாணம் நாயுடுபேட்டையில. என் பொண்ணு வாசல்லதான் நிப்பா. நீங்களும் வாங்க, உங்களுக்கும் பன்னீர் தெளிப்பா."

"நெறைய தெளிப்பேன்" என்றாள் கௌசிகா.

பஸ் மொத்தமும் சிரித்தது. நாகபூஷணம் கையே தட்டிவிட்டார்.

கண்டக்டர் அம்மாளை எழுப்பிக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார். போகிற வழியெல்லாம் ஆளுக்கு ஒரு திட்டு. புத்தூரில் ஏறியவர்களுக்கும் சுடச்சுட விஷயம் சொல்லப்பட்டது. அவர்களும் தங்கள் பங்குக்குத் திரும்பி முறைத்தார்கள்.

காலியான இடத்தில் ஒரு பூக்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். "பொண்ணு முறுக்கு துன்னுமா?" என்று ரோஜாவைக் கேட்க வாயெடுத்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். கௌசிகா பக்கம் திரும்பி, "உனக்கு முறுக்கு வேணுமா கண்ணு?" என்றாள்.

திருப்பதி பஸ் நிலையம். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்த ரோஜா, மகளை அழைத்துக்கொண்டு ஒரு டீக்கடைக்குப் பின்னால் போனாள்.

அங்கே அந்த அம்மாள் தனியாக நின்று, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சுலோச்சனாக்கா!" ரோஜா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "கூட்டத்துல யாராவது கேட்டா எனக்கு வாயே வராது, ஒரு தடவை பஸ்ஸுல வெச்சிக் கேட்டுப் பழக்கி உடுங்கன்னு நான்தான் உங்களக் கெஞ்சினேன். அதுக்குன்னு உங்களப் போய் இப்பிடித் திட்டிட்டாங்களே!"

"ஆன்ட்டி, அம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல. மொத கேள்வியிலயே உங்க குரலக் கண்டுபுடிச்சிட்டேன். சிரிப்ப அடக்கத்தான் கஷ்டமாப் போச்சு" என்றாள் கௌசிகா.

சுலோச்சனா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"எங்கேர்ந்துக்கா புடிச்சீங்க இந்தக் கேள்விங்கள? கேக்கவே கூசுது" என்றாள் ரோஜா.

"நான் எங்கடி புடிச்சேன்? எம்பொண்ணு பிரித்திகாவுக்கும் பார்வை இல்லியே, அவ இவ வயசுல இருக்கறப்போ, இதே ரூட் பஸ்ஸுல என்னைக் கேட்டதுதான். ஒண்ணுகூட நானா சேக்கல."

"அதை நெனச்சித்தான் அழறீங்களா?"

"அதுக்கு இல்லடி. அன்னிக்கும் பஸ்ஸு நெறைய ஜனம். எனக்காக ஒரு ஆளு வாயத் தொறக்கல." மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் சுலோச்சனா. "இன்னிக்கு ஊரே சேர்ந்து என்னைத் திட்டிச்சு பாரு, ஒவ்வொரு திட்டுக்கும் மனசு குளுந்துபோச்சுடி!"